இரண்டு மாடிக்கு நடுவே

கிறிஸ்துமஸுக்கு முந்தின மத்தியானம். துணிக்கடையில் எள் விழ இடமில்லை; ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஓயாமல் ஏறி இறங்கிய பழைய லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு சின்னப் பெண் குழந்தை, தன்னந்தனியாக. அம்மா தள்ளுபடி வரிசையில் முண்டிக்கொண்டிருந்தபோது ஓடிப்போய் ஏறியிருக்கிறாள்.

நான் லிப்ட் மெக்கானிக். சாதாரண நாளிலேயே எனக்கு மூக்கு நுனியில் கோபம். அன்று சாப்பிட உட்கார்ந்தவனைக் கையோடு இழுத்து வந்திருந்தார்கள்.

லிப்ட்டுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கூட்டாளியை மேலே மோட்டார் அறையில் நிற்க வைத்தேன். எதையும் ஆற அமரச் செய்வதால் அவனுக்கு 'நிதானம்' என்றே பெயர். நான் குரல் கொடுத்ததும் அவன் பிரேக்கைத் தளர்த்தி லிப்ட்டை மெல்ல இறக்க வேண்டும்.

மேல்மாடிக் கதவைத் திறந்து, லிப்ட்டின் கூரையில் இறங்கி, அதிலிருந்த மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்கதவு பாதி விலகியிருந்தது. லிப்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் குழந்தை ஒரு காலை விட்டிருந்தாள். கீழ்மாடியில் அம்மா கதறக் கதற, குரல் வந்த பக்கமே இவள் போகப் பார்த்தாள். லிப்ட் ஒரு சாண் அசைந்தாலும் கால் போய்விடும்.

என் தலைக்கு மேலே மேனேஜர் எட்டிப் பார்த்தார். “இன்னும் எவ்ளோ நேரம் சார்? கூட்டம் கத்துது!” என்றவர், நான் வாயைத் திறக்குமுன் மேல்பக்கம் பார்த்துக் கூவினார். “யாருப்பா மேல? இறக்குப்பா!”

“டேய் நிதானம்! பிரேக்குல கைய வச்சே, தொலைச்சிடுவேன்! பாப்பா கால் இடுக்குல இருக்கு!”

“நீங்க சொல்லாம வைப்பேனாண்ணே?” என்றது குரல், சாவகாசமாக.

“சார், அந்தப் பாட்டையாவது நிறுத்தித் தொலைங்க. நான் பேசுறது பாப்பாவுக்குக் கேக்கல.”

“கிறிஸ்துமஸ் பாட்டு சார்...”

“கிறிஸ்துமஸாவது மண்ணாங்கட்டியாவது!”

ஞானஸ்நானம் வாங்கினவன் நான். என் வாயிலிருந்துதான் அது வந்தது.

பாட்டு நின்றது. டார்ச் அடித்து, “பாப்பா, பயப்படாத! காலை எடு!” என்று கத்தினேன். கூரையிலிருந்து ஒரு வெளிச்சமும் ஒரு முரட்டுக் குரலும் வந்தால் எந்தக் குழந்தை பயப்படாது? வீறிட்டு அழுதபடி காலை முழங்கால் வரைக்கும் உள்ளே திணித்தாள். கொஞ்சினேன், கெஞ்சினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஆள் மாட்டியிருக்கும் லிப்ட்டுக்குள் மெக்கானிக் இறங்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் கண்டிப்பான விதி. இறங்கினால் அவனும் மாட்டினவன்தான். மேலே இருந்தே பேசிச் சமாளிக்க வேண்டும்.

இறங்கினேன். சட்டை கிழிந்தது, முட்டி சிராய்த்தது. குதித்த வேகத்தில் லிப்ட் லேசாகக் குலுங்கியபோது எனக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது. நல்லவேளை, கால் தப்பியது. டார்ச்சை அணைத்துவிட்டு, அவளைத் தொடாமல், எதிர்மூலையில் அவளைப் போலவே காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அழுகை விக்கலாகத் தேய்ந்தது. என்னையே பார்த்தாள்.

“நீங்களும் மாட்டிக்கிட்டீங்களா மாமா?”

“ஆமாடா தங்கம். நானும் மாட்டிக்கிட்டேன்.”

“அழாதீங்க,” என்று காலை உருவிக்கொண்டு தவழ்ந்து வந்து என் மடியில் ஏறினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷா வருஷம் விளக்குக் கட்டி, புதுச்சட்டை போட்டுக் கொண்டாடுகிறேனே, அது என்ன நாள்? மேலே இருந்து சொன்னது போதாதென்று கடவுளே குழந்தையாக இறங்கி வந்து, நம்மோடு மாட்டிக்கொண்ட நாள் அல்லவா! வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவளை இறுக அணைத்துக்கொண்டு, “நிதானம், இப்ப இறக்குடா,” என்றேன். லிப்ட் மெல்ல இறங்கியது.

கீழ்மாடியில் கதவு திறந்ததும் அம்மா குழந்தையை வாரிக்கொண்டாள்.

“எம்பொண்ணைக் காப்பாத்திட்டீங்கண்ணா!”

“இல்லம்மா,” என்று குழந்தை திருத்தினாள். “மாமாவும் உள்ளதான் மாட்டிக்கிட்டாரு. ரெண்டு பேரும் சேந்து வந்தோம்.”