ஒவ்வொரு மிதவையிலும் நின்றவள்

அன்று காலை ஏரிக்கரையில் இருந்த குடும்பத்தார் நான்கு பேர்: நகரப் பேருந்து ஓட்டும் மூத்த மருமகள், ரொட்டிக் கடை வைத்திருக்கும் அவள் கணவன், செவிலியான நாத்தனார், மடக்கு நாற்காலியோடு வந்த மாமனார். மாமனாரின் தம்பி வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடி முடிக்க வேண்டிய நெடுந்தூர டிரையத்லான் அது. சைக்கிளும் ஓட்டமும் மருமகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தண்ணீர்தான் அவளைப் படாத பாடு படுத்தியது. நீச்சல் குளத்தின் தரையில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு தூரமும் நீந்துவாள். ஏரியில் கோடு இல்லை. அடியும் தெரியாது. போன வருடம் வழி காட்டப் போட்டிருந்த மிதவைகளில் முதலாவதை எட்டுமுன்பே மூச்சு முட்டி, பாதுகாப்புப் படகில் துண்டு போர்த்தித் திரும்பினாள். எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டவர் இந்தக் குடும்பத்தில் கிடையாது. அவளும் விட்டவளாக இருக்கச் சம்மதிக்கவில்லை. அதனால்தான் மறுபடி வந்தாள்.

"அண்ணி, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? உள்ள மீன்தான் இருக்கு. அதுவும் உங்களப் பார்த்தா ஓடிடும்" என்றாள் நாத்தனார்.

"நீ வேணா இறங்கிப் பாரேன்."

"எனக்கென்ன பைத்தியமா?"

கணவன் காகிதப் பையைத் தூக்கிக் காட்டினான். "முடியலன்னா திரும்பிடும்மா. ரொட்டி சூடா இருக்கு."

"திரும்புற பேச்சு இங்க வேணாம்டா" என்றார் மாமனார், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

விசில் ஊதியது. கூட்டம் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு பாய்ந்தது. யாரோ ஒருவர் காலால் அவள் நீச்சல் கண்ணாடியைத் தட்டிவிட்டார். ஆரஞ்சு நிற முதல் மிதவைக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு முன்னால் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். கீழே பார்த்தாள். பச்சை இருட்டு. நெஞ்சு அடைத்துக்கொண்டது. கையும் காலும் தனித்தனியே உதறின.

துடுப்புப் படகில் ஒரு பருத்த அம்மாள் பக்கத்தில் வந்தாள். "ஏம்மா, முடியலையா? ஏறிக்கிறியா?"

சுருக்கென்றது. ஊரையே ஏற்றி இறக்குகிறவளைப் பார்த்து ஏறிக்கொள்கிறாயா என்கிறாள்! மல்லாந்து மிதந்தாள். மிதவை அசையாமல் நின்றது, ஆள் இல்லாத பேருந்து நிறுத்தம் மாதிரி. அவளுடைய பணிமனையில் ஒரு விதி உண்டு: ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்தத்தில் வண்டி நிற்க வேண்டும். நின்றாள். மூச்சு மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பியது. நடத்துநர் குரலைத் தினமும் கேட்ட பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது: "யாரும் ஏறலையா? ரைட், போலாம்!"

படகம்மாள் திகைத்துப் போனாள். மருமகள் புரண்டு அடுத்த மிதவையைப் பார்த்தாள். அதுவரைக்கும்தான் ஓட்ட வேண்டும். ஏரி முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது மிதவையிலும் நின்றாள். மூன்றாவதிலும் நின்றாள். பின்னாலேயே வந்த படகம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்கும்மா நிக்கிற? நல்லாத்தானே நீந்துற? நேரம் போகுது!"

"ஸ்டாப்ல நிக்காம போனா புகார் வரும்க்கா!"

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் துடுப்பு கை நழுவியது. அதற்குப் பிறகு அவளே குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். "அடுத்தது வளைவு! வளைவு ஸ்டாப்! எறங்குறவங்க யாராச்சும் உண்டா?"

"இல்லக்கா, எல்லாம் கடைசி ஸ்டாப்தான்!"

வளைவைத் தாண்டிய பிறகுதான் ஒன்று உறைத்தது. ஏரிக்கு அடி எங்கே என்ற நினைப்பே வரவில்லை. சாலைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவள் என்றைக்குப் பார்த்து ஓட்டினாள்? தண்ணீருக்குள்ளேயே சிரிப்பு வந்தது. ஒரு வாய் ஏரியைக் குடித்தாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

நீச்சலுக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது என்று, கரையில் வழியை அடைக்க அதிகாரி கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். மாமனார் துள்ளி எழுந்தார். நாற்காலி மடங்கி விழுந்தது. "ஓட்டும்மா! ஓட்டு!" என்று அவர் போட்ட கூச்சலில் ஏரிக்கரைப் பறவைகளெல்லாம் கிளம்பின. கயிறு கட்டப்படுமுன் அவள் ஈரக்காலோடு சைக்கிள்கள் நின்ற இடத்துக்குள் புகுந்தாள்.

"ஏன் அண்ணி இவ்வளவு லேட்டு?"

"ஸ்டாப் ஜாஸ்திடி!" என்று கத்திக்கொண்டே சைக்கிளை உருவினாள்.

மிச்சக் கதை அவளுக்குச் சொந்தமான தரையில் நடந்தது. முன்னால் போனவர்களில் பாதிப் பேரைச் சைக்கிளிலேயே தாண்டினாள். சாயங்காலம் கால்கள் கெஞ்ச, வாய் மட்டும் ஓயாமல் சிரிக்க, ஓடி வந்து முடித்தாள். ஆறிப்போன ரொட்டியைக் கணவன் ஊட்டிவிட, நின்றபடியே தின்றாள். படகம்மாளும் வந்து ஒரு துண்டு வாங்கிக்கொண்டாள்.

மாமனாரின் தம்பி போகிற வீடெல்லாம் சொல்லி வருகிறார், மருமகள் பாதி ஏரியைப் படகில் கடந்தாள் என்று. அவள் படகில் ஏறவில்லை. படகை ஒரு விரலால்கூடத் தொடவில்லை. படகுதான் அவள் பின்னால் வந்தது.