வாசலில் கிடக்கும் செருப்புகள்

கரூரில் வலைப்பதிவு எழுதிச் சம்பாதிப்பவர்களின் வீட்டுக்கு வாசகர்கள் நேரில் வந்து உட்கார்ந்துதான் படிப்பார்கள். செருப்பை கேட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு, கூடத்துப் பாயில் வரிசையாக உட்கார்ந்து, அவரவர் போனில் அன்றைய பதிவைப் படித்துவிட்டு எழுந்து போவார்கள். விளம்பரக் கம்பெனி ஆள் வந்து வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிக்கொண்டு போவார். அதை வைத்துத்தான் வருமானம்.

இதில் விதிகள் அதிகமில்லை. வீட்டு ஆட்களின் செருப்பு வாசலில் கிடக்கக் கூடாது. உள்ளே அடுப்படி ஓரமாக வைத்துவிட வேண்டும். வாசலில் செருப்பு கிடந்தால் அவர் வாசகர், வேறு பேச்சே இல்லை. அப்புறம், வாசகருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. வெளியாள் யாராக இருந்தாலும், அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டால் விருந்தாளி. விருந்தாளியின் செருப்புக்குக் காசு கிடையாது.

கோகிலவாணி ஆரம்பத்தில் சமையல்தான் எழுதினாள். கம்பு தோசைக்கு நாலைந்து ஜோடி வரும். கொள்ளு ரசத்துக்கு அதுகூட வராது. அவள் கணவன் கந்தவேல் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். பட்டறையில் வேலை குறைந்துபோய், வாரத்தில் பாதி நாள் அவன் வீட்டில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த சமயம் அது. அப்போதுதான் மகள் மிருதுளாவுக்குக் காய்ச்சல் வந்தது.

கோகிலா ஒரு கையால் ஈரத்துணி போட்டுக்கொண்டே மறு கையால் எழுதினாள். பூப்போட்ட போர்வை, வெடித்த உதடு, தூக்கத்தில் பிள்ளை 'அம்மா' என்று முனகுவது, எல்லாவற்றையும் எழுதினாள். உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. ஆனால் மறுநாள் செருப்புகள் பக்கத்து வீட்டுச் சாக்கடை வரை கிடந்ததைப் பார்த்ததும் உறுத்தல் எங்கோ போய்விட்டது. மனுஷ மனசு அப்படி. வாசகர்கள் படுக்கையைச் சுற்றி நின்று பிள்ளையைப் பார்த்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு கஞ்சி மாவு விளம்பரமும் சேர்ந்து வந்தது.

பிறகு மிருதுளாவுக்குக் குணமாகிவிட்டது. பள்ளிக்கூடம் போனாள், சண்டை போட்டாள், தட்டில் சோற்றை மிச்சம் வைத்தாள். அதைப் படிக்க யாரும் வரவில்லை.

விளம்பரக் கம்பெனி ஜெயசீலன் நல்ல மனிதர். அதிர்ந்து பேச மாட்டார். காலியாகக் கிடந்த வாசலைப் பார்த்துவிட்டு, கவலையோடு சொன்னார்.

"காய்ச்சல் நல்லா போச்சுங்க. இன்னொருக்கா வந்தா நல்லாருக்கும்."

"பிள்ளைக்குத்தான் நல்லாயிருச்சுங்களே."

"பிள்ளைக்கு வேண்டாங்க. பதிவுக்குக் கேக்கறேன்."

கோகிலா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு எழுதினாள். பொய்க் காய்ச்சலை எழுதுவது நிஜக் காய்ச்சலை எழுதுவதைவிட சுலபமாக இருந்தது. நடுவில் எழுந்து துணியை நனைக்க வேண்டியதில்லை.

வாசகர்கள் வந்தார்கள். போன தடவையைவிட இரண்டு மடங்கு. கூடம் நிறைந்து படுக்கையறைக்குள் போனார்கள். கட்டில் காலியாக இருந்தது. யாரும் கோபப்படவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலைச் சுற்றி நின்று தலையணையைப் பார்த்தபடி இருந்தார்கள். மதியமானது. ஒருவரும் போகவில்லை.

சாயங்காலம் மிருதுளா பள்ளி விட்டு வந்தாள். வழக்கமாக அவள் கேட்டுக்குள் நுழையும்போதே செருப்பை வாங்கி உள்ளே வைத்துவிடுவது கோகிலாவின் பழக்கம். அன்றைக்குக் கட்டிலருகே நின்றவர்களைத் தாண்டி அவளால் வாசலுக்கு வர முடியவில்லை.

"கொஞ்ச நேரம் படுத்துக்க கண்ணு. இவங்க போற வரைக்கும்."

"எனக்குத்தான் காய்ச்சல் இல்லையே?"

"சும்மா படு சாமி."

மிருதுளா பூப்போட்ட போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். வாசகர்கள் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் கை வைத்தார்கள். சுடுகிறது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள். கோகிலா தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. பட்டறையிலிருந்து கந்தவேல் ஓடி வந்தான். அவனும் போனில் படித்திருந்தான். பிள்ளையின் கழுத்தில் கை வைத்தவன், "ஏம்புள்ள, இப்படிக் கொதிக்குது, நீ பேசாம நிக்கற?" என்று கேட்டான். அவனிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்த கோகிலா, சுற்றிலும் இருந்தவர்கள் அவள் வாயையே பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். அவசரமாக வாசலுக்குப் போய் அவன் செருப்பை மட்டும் தேடி எடுத்து உள்ளே வைத்தாள். மகளின் செருப்பு சின்னது. அது வேறு யாருடைய செருப்புக்கோ அடியில் கிடந்தது.

பொழுது விடிந்ததும், எல்லாம் பொய் என்று எழுதிவிடுவது என்ற முடிவோடு எழுந்தாள். வருமானம் போனால் போகட்டும் என்று நினைத்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. எழுதுவதற்கு முன்னால் மகளை எழுப்பப் போனாள். கட்டிலில் கிடந்தவள் நெருப்பாகச் சுட்டாள். உதடு வெடித்திருந்தது. 'அம்மா' என்று முனகினாள். கோகிலா துணியை நனைத்து நெற்றியில் போட்டாள், முகத்தைத் துடைத்தாள். மோவாய்க்கு வந்தபோது கை நின்றது.

மிருதுளாவுக்கு மோவாயில் ஒரு தழும்பு உண்டு, சைக்கிளிலிருந்து விழுந்தது. கோகிலா அதைப் பற்றி எந்தப் பதிவிலும் எழுதியதில்லை. இவளுக்கு அது இல்லை.

கூடத்தில் வாசகர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில், பள்ளிச் சீருடையோடு, அப்பாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு மிருதுளா இருந்தாள். மோவாயில் தழும்பு இருந்தது. கோகிலா அவள் முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"எந்திரி கண்ணு. உள்ள வா."

மிருதுளா மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குதுங்க அக்கா?"

அந்த 'அக்கா'வைக் கேட்டதும் கோகிலா எழுந்துகொண்டாள். இனி பொய் என்று எழுதினால் உள்ளே கொதித்துக்கொண்டு கிடப்பவள் என்ன ஆவாள் என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் இவள் இந்தப் பாயைவிட்டு எழுந்திருக்க மாட்டாள். யோசித்து, அடுப்படிக்குப் போய், மிருதுளாவின் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். மகளாக இல்லாவிட்டால் போகிறது, விருந்தாளியாகவாவது எழுந்து உள்ளே வரட்டும் என்றிருந்தது.

"குடி சாமி. ஒரு வாய் குடிச்சிரு."

மிருதுளா டம்ளரைப் பார்த்தாள். அதிலிருந்த பெயரையும் வாசித்தாள். பிறகு இரண்டு கையாலும் மெல்லத் தள்ளினாள்.

"வேண்டாங்க அக்கா. உங்களுக்குக் காசு போயிருமில்லைங்க."

வாசலில் ஜெயசீலன் எண்ணிக்கொண்டிருந்தார். சின்னச் செருப்பு ஒன்றைக் குனிந்து எடுத்து, அதன் ஜோடியோடு சேர்த்து ஒழுங்காக வைத்தார். சின்னதுக்கும் முழுக் காசுதான் என்று கோகிலாவைப் பார்த்துச் சொன்னார்.

உள்ளேயிருந்து 'அம்மா' என்று சத்தம் வந்தது. கோகிலா டம்ளரோடு போனாள். கட்டிலில் கிடந்தவளின் தலையைத் தாங்கிப் பிடித்து, தண்ணீர் முழுவதையும் குடிக்க வைத்தாள். அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். போர்வையைச் சரிசெய்துகொண்டு, வீட்டைச் சுற்றிலும் பார்த்தாள்.

"உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று கேட்டாள்.

"ஒரே பொண்ணுதானுங்க," என்றாள் கோகிலா. "கூடத்துல உக்காந்து படிச்சுட்டிருக்குது."