தொழில்நுட்பப் பங்குகள் பற்றி அவர் சொல்லிவந்தது

ஞானசேகரம் இறந்து இருபத்திரண்டாம் நாள் காலை, கொழும்பிலிருந்து சுஹைரா தொலைபேசியில் அழைத்தாள். பங்குத் தரகு நிறுவனமொன்றில் வேலை செய்கிற பிள்ளை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முதலீட்டாளர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு எழுதுவாள். துறைமுக அலுவலகத்தில் லிகிதராக இருந்து ஓய்வுபெற்றபின் ஞானசேகரம் கொஞ்சம் பங்கு வாங்கியிருந்தார்.

அவருடைய மனைவி புஸ்பராணி, பயற்றங்காய் முறித்த கையோடு எடுத்தாள்.

"அம்மா, ஐயா நிக்கிறாரா? தொழில்நுட்பக் கம்பனிகளைப் பத்தி வழமையாக் கேக்கிற கேள்விதான்."

"என்னட்டைக் கேளுங்கோ. அவற்ர பதில் எனக்குத் தெரியும்."

நாலு வருடமாக, சமைத்தபடி குசினியில் நின்று அவள் கேட்ட பதில்கள்.

"அஞ்சு வருசத்தில என்ன நடக்கும்?"

"விழும். பிறகு ஏறும்."

"செயற்கை நுண்ணறிவு?"

"விலையைக் கூட்டி வச்சிருக்கினம். ஆனா கரண்ட் வந்த மாதிரித்தான், இனித் திரும்பிப் போகாது."

"விக்கிற யோசனை?"

"இல்லை. இன்னும் பத்து வருசம் வச்சிருப்பன்."

சுஹைரா சிரித்தாள். "ஐயா கதைக்கிற மாதிரியே கதைக்கிறீங்க. வெளியில போயிட்டாரா?"

"செத்துப்போனார்."

அதை அவள் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. மரண அறிவித்தல் போட்டது, ஆட்களுக்குச் சொன்னது எல்லாம் மகன் திலக்சன். அழுகை வருமென்று பார்த்தாள். வரவில்லை. வாசல் கேற்றடியில், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வாழைத்தோலை மென்றுகொண்டு நின்றது.

"மன்னிச்சுக்கொள்ளுங்க அம்மா," என்றாள் சுஹைரா. "அப்ப இதை எழுத ஏலாது."

"அழியுங்கோ."

"பங்கு உங்கட பேருக்குத்தானே வரும்?"

"ஓம். மகன் கடிதம் குடுத்திட்டான்."

"அப்ப உங்கட அபிப்பிராயத்தை எழுதலாம். எதிர்காலம் எப்பிடி இருக்கும் எண்டு நினைக்கிறீங்க?"

புஸ்பராணி யோசித்தாள். ஏறினாலும் விழுந்தாலும் அவளுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது.

"எனக்கு ஒண்டும் தோன்றேல்லை, பிள்ளை."

"'அபிப்பிராயம் இல்லை' எண்டு ஒரு கட்டம் இருக்கு."

"அதில போடுங்கோ."

"மூணு மாசத்தால திரும்ப எடுக்கட்டா? வேண்டாமெண்டா பெயரை வெட்டிவிடுறன்."

"எடுங்கோ," என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மத்தியானம் திலக்சன் வந்தபோதும் தொலைபேசியில் கதைத்த அதே கதிரையில்தான் இருந்தாள். பயற்றங்காய் பாதி முறித்தபடி கிடந்தது.

"ஆரும் கோல் எடுத்தவையோ, அம்மா?"

"கொழும்பில இருந்து ஒரு பிள்ளை. அப்பா செத்ததைச் சொன்னனான்."

அவன் பக்கத்தில் இருந்து, மிச்சத்தை முறிக்கத் தொடங்கினான்.