மூக்கோரச் செதில்

கண்ணாடிக்காரருக்கு ஒளிய இடமில்லை. கடை முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் மூக்கோரம் சிவந்து, புருவம் செதில் செதிலாக உரிந்து, அதே மூஞ்சி. பார்த்தால் கை சும்மா இருக்குமா? ஒரு சுரண்டு சுரண்டும்.

மூன்று வருஷத் தொல்லை. மருந்துக் கடைக்காரன் கொடுத்த களிம்பு மூன்றே நாளில் முகத்தைப் பளிங்காக்கியது. நிறுத்தினார், முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வந்தது. போடுவதும் நிறுத்துவதுமாக இருந்துவிட்டு, கடைசியில் தோல் டாக்டரம்மாவிடம் போனார்.

"அது ஸ்டீராய்டு. இத்தனை நாள் முகத்துல போடலாமா? தோலே மெலிஞ்சு போச்சு." வேறு களிம்பு எழுதினாள். "காலைல, சாயங்காலம், மெல்லிசா. நாலு வாரம். அடங்கினப்புறமும் வாரத்துல ரெண்டு நாள் விடாம போடணும்."

"எதுவரைக்கும்?"

"இது அடியோட போறதில்லைங்க. அடக்கித்தான் வைக்கணும்."

"போகாத நோய்க்கு எதுக்கும்மா மருந்து? பேத்தி பொறந்து ரெண்டு மாசமாச்சு. தொட விடமாட்டேங்கறாங்க."

"இது யாருக்கும் ஒட்டாது."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? சம்பந்தியம்மாகிட்ட சொல்லுங்க!"

திட்டிக்கொண்டேதான் என்றாலும் நாலு வாரம் ஒரு வேளை தவறாமல் பூசினார். புருவம் சுத்தமானது. மூக்கோரத்தில் மட்டும் ஒரு சிவப்பு, போவேனா என்று உட்கார்ந்திருந்தது. இதுக்கு மேல் பொறுக்க முடியாது என்று மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

சம்பந்தியம்மா வழக்கம்போல் நாற்காலியை வாசல் பக்கமாக நகர்த்திப் போட்டாள். "இங்கயே உட்காருங்க சம்பந்தி. இன்னும் இருக்கே!"

"ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"ஒட்டாதாம்ல!" சம்பந்தியம்மா, மகளின் மடியிலிருந்த பிள்ளையின் குல்லாவைச் சரேலென்று கழற்றினாள். உச்சந்தலையில் மஞ்சள் மஞ்சளாகச் செதில். "முந்தாநேத்துலேர்ந்து இப்படி. இது யார்கிட்டேர்ந்து வந்துச்சாம்?"

கண்ணாடிக்காரர் எழுந்துவிட்டார். "நான் இந்தப் பிள்ளையை எப்ப தொட்டேன்? நாளைச் சொல்லுங்க!"



"அப்பா கிட்டவே வந்ததில்லையே அத்தை," என்றாள் மகள். "நர்ஸக்காவும் சொன்னாங்க, நிறைய பிள்ளைங்களுக்கு வர்றதுதானாம். தானா உதிர்ந்துடுமாம்."

"அப்போ ரத்தத்துல வந்திருக்கும்." சம்பந்தியம்மா விடுகிற ஆள் இல்லை. "உங்க பக்கத்து ரத்தம்."

"ரத்தத்துல வந்தது, நாற்காலியைத் தள்ளிப் போட்டா நின்னுடுமா? கொடும்மா பிள்ளையை."

மகள் கொடுத்துவிட்டாள். கண்ணாடியை ஏந்துகிற ஜாக்கிரதையோடு வாங்கிக்கொண்டார். சம்பந்தியம்மா ஈரத் துணியை நீட்டி, "மூஞ்சியையாவது துடைச்சுக்கோங்களேன்," என்று முணுமுணுத்தாள். அவர் திரும்பவே இல்லை. பேத்தியின் தலையை வெகுநேரம் எரிச்சலோடு பார்த்தார்.

"உனக்குத் தானா உதிருமாம். கொடுத்து வச்சவ."