கரண்டின் இரண்டு பற்கள்

முப்பத்தெட்டாயிரத்து நானூறு. மூட்டைக்காரருக்கு மச்சினன் தர வேண்டிய பாக்கி அவ்வளவுதான். 'அவ்வளவுதான்' என்று சொல்வது மச்சினன். சிமெண்ட் கிடங்கில் மூட்டைகளை லாரியிலிருந்து முதுகில் இறக்கி, திரும்ப முதுகிலேயே ஏற்றி, வருஷக்கணக்கில் சேர்த்த மூட்டைக்காரர் அப்படிச் சொல்ல மாட்டார்.

அந்தப் பணத்துக்கு ஒரு வண்டி பேசி வைத்திருந்தார். பழைய மூன்று சக்கரச் சரக்கு வண்டி. முழங்கால் தேய்ந்துவிட்டது; இனிச் சுமப்பதை வண்டி சுமக்கட்டும், நாம் உட்கார்ந்து ஓட்டுவோம் என்று ஒரு ஆசை. அந்த ஆசையில்தான் மச்சினன் வந்து வாயை வைத்தான்.

மச்சினன் லேசுப்பட்ட ஆள் இல்லை. கால்பந்து கிளப்பில் சம்பளத்துக்கு ஆடுகிற ஃபார்வர்டு. அவன் இடது காலில் பட்டுவிட்டால் பந்து பிறகு வேறு யார் பேச்சையும் கேட்காது. கோல்கீப்பர் வலது பக்கம் விழுந்து, எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்புவதற்குள் இடது பக்கத்து வலை ஆடி முடித்திருக்கும். பத்தொன்பது வயதில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல். மறுநாள் பேப்பரில் அரைப் பக்கத்துக்குப் போட்டோ. அடுத்த ஆட்டத்தில் பந்து அவனைத் தேடி வந்தபோது ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க, கிட்டத்தட்ட லேசைத்தான் கட்டினான்.

'கரண்டு' என்று பெயர் வந்தது அதனால்தான். எப்போது வரும், எப்போது போகும் என்று எவனும் சொல்ல முடியாது. வந்தால் ஊரே வெளிச்சம். போனால் போனதுதான், புகார் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. மெழுகுவத்தியும் தீப்பெட்டியுமாக வந்து உட்கார்ந்த ரசிகர்களும் உண்டு.

இப்படியே ஆறு கிளப் மாறினான். முந்தின கிளப்புக்கு அவனிடம் வேலை வாங்கத் தெரியவில்லை என்று சொல்லித்தான் ஒவ்வொரு கிளப்பும் அவனை வாங்கியது. வாங்கின விலையில் பாதிக்குத் தள்ளிவிட்டது. ஏனப்பா ஆடவில்லை என்று கேட்டால் காரணத்துக்கு அவனிடம் பஞ்சமே கிடையாது. புல் ஈரம். புல் காய்ந்து கிடக்கிறது. காற்று எதிரே அடித்தது. பாஸ் கொடுத்தவன் மனசு வைத்துக் கொடுக்கவில்லை. ஒருமுறை, முடி வெட்டியவன் ஒரு பக்கம் அதிகமாக எடுத்துவிட்டதால் ஓடும்போது தலை மறுபக்கம் சாய்கிறது என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். கிளப் டாக்டர் மட்டும் தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அவருக்கும் சம்பளம் வர வேண்டுமே.

ஐந்தாவது கிளப்பில் இருந்தபோது, நாலு ஆட்டம் சேர்ந்தாற்போல் கரண்டு போகாமல் இருந்தது. உடனே ஒரு பற்பசைக் கம்பெனி விளம்பரத்துக்கு அவனைக் கேட்டது. அவன் முன்பல் இரண்டும் சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். பல்லைச் சரி பண்ணிக்கொண்டு வா, படம் எடுக்கலாம் என்றார்கள். அவன் நேரே அக்கா வீட்டுக்கு வந்தான்.

"ரெண்டே வாரம் மாமா. விளம்பரக் காசு வந்ததும் மொத வேலையா உங்க கைலதான்."

"உன் சம்பளம் என்ன ஆச்சு மாப்ளே?"

"சோபா வாங்கிட்டேன் மாமா."

"எங்க உக்காந்து சிரிக்கிறதுன்னு முன்கூட்டியே யோசிச்சிருக்க."

"என் தம்பி படத்துல சிரிச்சா நமக்குத்தானேங்க பெருமை," என்றாள் மூட்டைக்காரரின் மனைவி. பெருமைக்கு யார் காசு என்று அவர் கேட்டிருக்கலாம். வண்டிக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தார்.

கோணல் பல் இரண்டையும் பிடுங்கிவிட்டு, பால் மாதிரி இரண்டு புதுப் பல் வைத்தார்கள். புண் ஆறுவதற்குள் கரண்டு போய்விட்டது. பதினோரு ஆட்டத்தில் ஒரு கோல் கிடையாது. பற்பசைக் கம்பெனி ஒரு நீச்சல்காரனைப் பிடித்துக்கொண்டது. ஒரு பல் பத்தொன்பதாயிரத்து இருநூறு. மச்சினன் வாயைத் திறந்தால் போதும், மூட்டைக்காரருக்குத் தன் சரக்கு வண்டி எதிரே வருவது தெரியும். முன்விளக்கு இரண்டும் பளிச்சென்று எரியும்.

கேட்டுப் பார்த்தார். ரெண்டு வாரம் ரெண்டு வருஷமாயிற்று. போன் அடித்தால் எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் சோபா மட்டும் இருக்கும். கடைசியில், அவன் ஆறாவது கிளப்புக்கு ஆடிய ஒரு ஆட்டத்துக்கு, இருப்பதிலேயே விலை குறைந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நேரிலேயே போய்விட்டார். மைதானத்திலிருந்து எங்கே ஓடுவான், பார்க்கலாம்.

டிக்கெட் கோல் கம்பத்துக்குப் பின்னால். அது மச்சினனின் அணி காக்க வேண்டிய கோல். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்ததால் தலை, புருவம் எல்லாம் சிமெண்ட் தூள். ஆட்டம் தொடங்கும்போது கரண்டு திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் மூட்டைக்காரர் இருந்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் ஓட ஆரம்பித்தான். அந்தப் பாதி ஆட்டம் முழுக்க எதிரணியின் எல்லையை விட்டு அவன் நகரவேயில்லை. பந்து வந்தது, அடித்தான், கோல். மறுபடி வந்தது, மறுபடியும் கோல். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. இப்போது அவன் கோல் போட வேண்டிய வலைக்குப் பின்னால் மூட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். கரண்டு நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதைக் கவனித்தவர் கோச். ஆட்டம் முடிந்ததும் மூட்டைக்காரரைத் தேடிப் பிடித்துத் தன் அறையில் உட்கார வைத்தார்.

"அவனுக்கு நீங்க என்ன வேணும்?"

"அக்கா வீட்டுக்காரன் சார். எனக்கு முப்பத்தெட்டாயிரத்து நானூறு வேணும்."

கோச் விசிலை வாயில் வைத்து ஊதாமல் யோசித்தார். "எத்தனையோ வித்தை காட்டிப் பாத்துட்டேன். யோகா, மனநல டாக்டர், சத்தான சாப்பாடு. நீங்க சும்மா உக்காந்திருந்தீங்க, ரெண்டு கோல். எல்லா ஆட்டத்துக்கும் வாங்க. முதல் பாதி இந்தப் பக்கம், ரெண்டாவது பாதி அந்தப் பக்கம். எப்பவும் நம்ம கோலுக்குப் பின்னாடி. அரைநாள் கூலி தரேன்."

"என் பணம் சார்?"

"சீசன் கடைசில அவன் போனஸ்ல பிடிச்சு நானே கைல தரேன். நடுவுல அவனா குடுத்தாலும் வாங்கிடாதீங்க."

"அவனா குடுக்கறதுக்கு வாய்ப்பில்லை சார். அந்தக் கவலை வேணாம்."

இப்படியாக மூட்டைக்காரருக்கு வயல் பொம்மை வேலை கிடைத்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் இடைவேளையில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பாதி சுற்றி, எதிர்ப்பக்கம் போய் உட்காருவார். கரண்டு அந்த சீசனில் ஓடிய மாதிரி அதற்கு முன் ஓடியதில்லை. அவன் பக்குவப்பட்டுவிட்டான் என்று பேப்பரில் எழுதினார்கள். தியானம் செய்கிறேன் என்று அவன் பேட்டி கொடுத்தான், எல்லாப் பல்லும் தெரிய. வீட்டில் மனைவி மட்டும், "சொந்த மச்சினன இப்படியா வெரட்டுவீங்க," என்றாள்.

"நான் எங்கடி வெரட்டறேன். நான் உக்காந்துதான் இருக்கேன்."

கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் கிளப் மேல் பிரிவுக்குப் போகும். வண்டிக்காரரும் கெடு வைத்திருந்தார்: நாளைக்குள் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன். மூட்டைக்காரர் அன்று குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். போனஸ் வாங்கப் போகிற ஆள் சிமெண்ட்டோடு போகக் கூடாது என்று நினைத்தார்.

முதல் பாதியில் கரண்டு ஒரு கோல் போட்டான். இடைவேளையில் மூட்டைக்காரர் வழக்கம்போல் சுற்றிக்கொண்டு போனார். உடை மாற்றும் அறையின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கோச், கிளப் தலைவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"போனஸ முழுசா அவன் கைலயே குடுத்துடுங்க சார். அவன் செலவு பண்ணிடுவான். அந்த மூட்டைக்காரருக்கு மட்டும் ஒரு பைசா போயிடக் கூடாது. அடுத்த சீசனுக்கும் அந்த ஆள் நமக்கு வேணும்."

"பாவம்யா, காலு வேற இழுத்து இழுத்து நடக்கறாரு."

"ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுடலாம் சார்."

மூட்டைக்காரர் ஜன்னலுக்குக் கீழே நின்று எல்லாவற்றையும் கேட்டார். கோபம் வரவில்லை. கிடங்கில் சாயங்காலம் கடைசி லாரி என்று சொல்லி முடித்த பிறகு இன்னொரு லாரி வந்து நிற்கும். அப்போது உடம்பில் ஒன்று இறங்குமே, அதுதான் இறங்கியது. இந்தக் கடனால் அணிக்குக் கோல், கோச்சுக்குப் பெயர், மச்சினனுக்குப் பேட்டி. தனக்கு நாற்காலி. அது தீர்வதற்கு இங்கே ஒருத்தனும் விடமாட்டான். சரி என்று நொண்டிக்கொண்டே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருக்கும்போது எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. எல்லோரும் கோலைக் காக்க ஓடி வந்தார்கள். கரண்டு வர மாட்டேன் என்று நின்றான். கோச் கத்தின கத்தில், வேண்டா வெறுப்பாக வந்து கம்பத்தின் ஓரமாய் முதுகைக் காட்டி நின்றான். வலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவர்.

"மாப்ளே."

அவன் திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது. "ஆட்டம் நடக்குது மாமா. அப்புறம் பேசலாம்."

"பேச ஒண்ணுமில்ல. அந்தப் பணம் வேணாம். விட்டுட்டேன்."

"எந்தப் பணம்?"

"உன் வாய்ல இருக்கறதுதான். இனிமே கேக்க மாட்டேன். உங்க அக்கா மேல சத்தியம்."

கரண்டு திரும்பினான். ரெண்டு வருஷம் கழித்து முதல் முறையாக மாமாவை நேருக்கு நேர் பார்த்தான். தோள் தளர்ந்தது, கை இடுப்புக்குப் போனது, முகம் மலர்ந்தது. பற்பசைக் கம்பெனிக்காரன் பார்த்திருந்தால் நீச்சல்காரனை அன்றே அனுப்பியிருப்பான். அந்தச் சிரிப்போடு ஆட்டத்தின் பக்கம் திரும்பினான். பந்து அதே நேரத்தில் வந்து சேர்ந்தது.

வாயில்தான் பட்டது. பட்ட பந்து நேராகச் சொந்த வலைக்குள் போய் விழுந்தது. கரண்டு தொழிலில் போட்ட கடைசிக் கோல் அது. இரண்டு வெள்ளைப் பல், புல்லில் தனித்தனியாகக் கிடந்தது. மூட்டைக்காரர் வலைக் கண்ணி வழியாக எட்டிப் பார்த்தார். ஒன்று பத்தொன்பதாயிரத்து இருநூறு. இன்னொன்றும் அதே விலை.

ஆட்டம் சமனில் முடிந்தது. கிளப் மேலே போகவில்லை. கோச்சைத் தூக்கினார்கள். கரண்டை அடுத்த சீசனில் பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை. சரக்கு வண்டியை ஒரு தண்ணீர் கேன்காரர் வாங்கிக்கொண்டு போனார்.

"அவ்வளவு காச ஒரே வார்த்தைல விட்டுட்டு வந்திருக்கீங்களே," என்று மனைவி தலையில் கை வைத்தாள்.

"ஒரு வார்த்தைல இல்ல. ரெண்டு பல்லுல."

மூன்றாம் நாள் கரண்டு வந்தான். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான். "மாமா, பல்லு மறுபடி கட்டணும். ஒரு பயிற்சி முகாம்ல வேலை பேசியிருக்கேன், பொக்கை வாயோட போனா மதிக்க மாட்டான். ரெண்டே வாரத்துல..."

"துண்ட எடு, பாக்கலாம்," என்றார் மூட்டைக்காரர்.

எடுத்தான். அவர் விளக்கைப் போட்டு, அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, இப்படியும் அப்படியும் திருப்பி நன்றாகப் பார்த்தார். அந்த வாயில் தனக்குச் சேர வேண்டியது எதுவும் மிச்சமில்லை. விளக்கை அணைத்துவிட்டு, முழங்காலுக்குத் தைலம் தேய்க்கப் போனார்.