ஆறு கட்டங்கள்

அப்பா கணினித் திரையில் இருந்த தண்ணீர்ப் படத்தைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்குப் பொறுமையை யார் கற்றுக்கொடுப்பது? ஹாரன் அடிப்பது போல ஐந்து தடவை குத்தினார். நான் தண்ணீர் கொடுத்து, வாயைத் துடைத்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் கணினி வாயைத் திறந்தது. “தண்ணி வேணும். தண்ணி வேணும்.” ஐந்து தடவையும் விடாமல் சொல்லி முடித்தது. என் குரல்தான் அது.

பக்கவாதம் வந்ததில் அவர் பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. நூலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே கழித்துப்போட்ட தொடுதிரைக் கணினி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, திரையில் ஆறு படக் கட்டங்கள் வைத்தேன். தண்ணீர், பாத்ரூம், ஃபேன், படுக்கை, வலி, வேண்டாம். ஆறுக்கும் நானே குரல் கொடுத்தேன். ‘வலிக்குது’ மட்டும் சரியாக வரவில்லை. எங்கும் வலிக்காதபோது அதை எப்படிச் சொல்வது? நாலு தடவை பதிந்தேன், நாலு தடவையும் சிரித்துவிட்டேன். கடைசியாகப் பதிந்ததிலும் ஓரத்தில் கொஞ்சம் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை.

ஒவ்வொரு புதுப்பிப்புக்கும், திரையை நடத்தும் டெஸ்க்டாப் என்ற நிரல் கனத்துக்கொண்டே போனது. திரையில் திறக்கும் ஜன்னல்களுக்கு நிழல், மங்கி மறையும் அலங்காரம். நோஞ்சான் கணினிக்கு மூச்சு வாங்கியது. ‘பாத்ரூம்’ என்று அது சொல்வதற்குள் படுக்கை நனைந்துவிடும். போன வாரத்திலிருந்து அப்பா தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. மற்றதையெல்லாம் கேட்பதையே விட்டுவிட்டார். எனக்குத் தாங்காமல் போனது அதுதான்.

“புதுசா ஒண்ணு வாங்கிடலாம்க்கா” என்றான் தம்பி, போனில்.

“வாங்கேன்.”

“பாக்கறேன்க்கா.”

இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். கனமான டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டு, அலங்காரம் எதுவுமில்லாத இலேசான ஒன்றைப் போட வேண்டும். நூலகத்தில் எத்தனையோ கணினிகளுக்குச் செய்ததுதான். புதியதைப் போட்டுவிட்டுத்தான் பழையதை எடுக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவளும் நான்தான். தூக்கக் கலக்கத்தில் பழையதை முதலில் எடுத்தேன். போகிறபோது அது இணைய இணைப்பைக் கவனிக்கும் நிரலையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிற்று. கறுப்புத் திரை, மூலையில் ஒரு கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. புதியதை இறக்க இணையம் இல்லை.

அப்பா சக்கர நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார்.

“என்னப்பா, தண்ணியா?”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி தட்டினார்.

“ஃபேனா? படுக்கணுமா?”

தட்டிக்கொண்டே இருந்தார். போனைக் கம்பியில் மாட்டி அதன் வழியாக இணையம் வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டளையில் எங்கோ பிழை.

“கொஞ்ச நேரம் சும்மா இருங்கப்பா! என் உயிரை எடுக்காதீங்க!”

தட்டல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, கால் வைக்கும் பலகையிலிருந்து தரையில் சொட்டும் சத்தம் கேட்டது. துடைத்து, கழுவி, உடை மாற்றி முடிக்கும்வரை அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

அதன் பிறகு ஒரு மணி நேரத்தில் இணையம் வந்தது. புதியதும் இறங்கியது. கணினி எழுந்தவுடன் கட்டங்கள் தானாகத் திறக்க ஒரு கோப்பில் இரண்டே வரி எழுதினேன். அணைத்துப் போட்டேன். பின்னணிப் படமில்லை, அடியில் கருவிப்பட்டையில்லை. சாம்பல் திரையில் ஆறு கட்டங்கள் மட்டும்.

“இப்ப உடனே பேசும்பா. தொட்டுப் பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குக்கூடத் தெம்பில்லை. இன்னும் காயாத தரையில், அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நேரம் அப்படி இருந்தேனோ, அவர் இடது கை மெல்ல எழுந்தது. விரலை எடுப்பதற்குள் குரல் வந்துவிட்டது.

“வலிக்குது.”

பதறி எழுந்தேன். “எங்கப்பா? காலா? முதுகா?”

இல்லையென்று தலையாட்டினார். மறுபடி தொட்டார்.

“வலிக்குது” என்றேன் நான் கணினிக்குள்ளிருந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“நெஞ்சுலயா? டாக்டரக் கூப்பிடவா?”

அதற்கும் தலையாட்டல். விரல் திரையை விட்டு நகர்ந்தது. என்னை நோக்கி வந்து, என் மணிக்கட்டில் உட்கார்ந்தது. ‘உனக்கா?’ என்று கேட்பது போல என் முகத்தைப் பார்த்தார்.

கையைத் திரைப் பக்கம் கொண்டுபோனேன். என் விரல் ஆறு கட்டங்களுக்கும் மேலே, எதையும் தொடாமல், நின்றுகொண்டிருந்தது.