மாமா கேட்ட சந்தேகம்

ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவனிடம் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது இதைக் கேட்பார்கள். கேட்டவரை நிற்க வைத்து அரை மணி நேரம் விளக்காமல் நான் விட்டதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றும், ஊசி படிக்கும், இடம் தாராளம், வேகம் மட்டு. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை, பொத்தானை அழுத்திவிட்டுக் கொட்டாவி விடுவதற்குள் திரை வந்து நிற்கும். எனக்கு வாய் ஜாஸ்தி. அந்த வாயால் என் கூடப்பிறந்தவளுக்கு நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அக்கா வீடுகளுக்கு வரைபடம் வரைபவள். அவள் கணவர், எனக்கு மாமா, வீடு கட்டிக்கொடுக்கும் இன்ஜினியர். பதினோரு வருஷமாக அவர் கட்டிய வீடுகள் அத்தனையும் முதலில் எழும்பியது படுக்கையறை மூலையில் இருந்த அக்காவின் கம்ப்யூட்டரில்தான். ஜன்னல் எந்தப் பக்கம், மாடிப்படி எங்கே திரும்ப வேண்டும், குளியலறைக் கதவைத் திறந்தால் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படுமா, எல்லாம் அவள் யோசித்தது. காகிதத்தின் கீழே இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் மாமாவுடையவை. வீடு கட்ட வருகிறவர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும்போது, அவர்கள் குடித்துவிட்டு வைத்த கோப்பைகளை அக்கா பொறுக்கிக்கொண்டு போவாள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கடைக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் அவர். அவர் முன்னால் நான் எப்போதுமே பெட்டிப் பாம்பு.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு கட்டத்தில் திணற ஆரம்பித்தது. பெரிய படத்தைத் திறந்தால் அது வருவதற்குள் சோறு வடித்து இறக்கிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புது ஹார்ட் டிஸ்க் ஒன்றும் எஸ்எஸ்டி ஒன்றும் எடுத்துக்கொண்டு போனேன். பிடித்ததை மாட்டிக் கொடுக்கலாம் என்று எண்ணம்.

“எனக்கு இந்தச் சுத்துறதே போதும்டா,” என்றாள் அக்கா. “எடம் நெறைய இருக்குல்ல? அதோட போன வருஷம் ஃபோல்டரையே தெரியாம அழிச்சுட்டு அழுதேனே, நீதானே எடுத்துக் குடுத்தே. அந்த தைரியம் எனக்கு வேணும்.”

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதுவரை செய்தித்தாளுக்குள் இருந்த மாமா அதை மடித்து வைத்தார்.

“ஏன் மச்சான், அழிச்சதை எப்படி எடுத்தே?”

“ஹார்ட் டிஸ்க்ல அழிச்சா உடனே போயிடாது மாமா. பேரை மட்டும்தான் அடிச்சு வைக்கும். அதுக்கு மேல வேற எதையாவது எழுதுற வரைக்கும் சரக்கு அங்கயேதான் கெடக்கும்.”

“அப்போ இன்னொண்ணுல?”

“எஸ்எஸ்டியில அழிச்சா அழிச்சதுதான். கொஞ்ச நேரத்துல அது தன்னைத்தானே துடைச்சுக்கும். எந்தக் கொம்பனாலயும் எடுக்க முடியாது.”

“உன்னால கூடவா?”

“நான் தலைகீழா நின்னாலும் முடியாது மாமா.”

அவர் என்னிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவர் எதற்கு இதைக் கேட்கிறார் என்று ஒரு கணம் மனதில் பட்டது உண்மை. பட்டதை அப்படியே ஒதுக்கிவிட்டு, ஒரு காகிதத்தில் படம் வேறு போட்டு விளக்கினேன்.

“இதையே மாட்டிடு,” என்றார் எஸ்எஸ்டியைக் காட்டி. “பழசை இங்க போட்டு வைக்காதே. துடைச்சுட்டு யாருக்காவது குடுத்துடு.”

அக்கா வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “வேகமா இருக்கும்க்கா, பாரேன்,” என்று நானே அவள் வாயை அடைத்தேன். எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினேன். பழைய டிஸ்க்கைத் துடைத்து, மரக்கடை ஒன்றின் கண்காணிப்புக் கேமரா பெட்டியில் மாட்டினேன். அக்கா வரைந்த வீடுகள் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் வருவதும் போவதும் பதிவாகிக்கொண்டிருக்கின்றன. நகல் எடுத்து வையுங்கள், நகல் எடுத்து வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், அக்காவுக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுக்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு கட்டிட நிறுவனத்தில் அக்காவை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை வர வேண்டும். பட்டம் வேண்டாம், முன் அனுபவச் சான்றிதழ் வேண்டாம், நீங்கள் வரைந்தவற்றை வரைந்த கோப்பாகவே கொண்டுவந்து திறந்து காட்டினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அவளிடம் இருந்ததும் அது ஒன்றுதான். வியாழக்கிழமை மாமாவிடம் சொன்னாளாம். அவர் சத்தம் போடவில்லையாம். “போயிட்டு வா,” என்று மட்டும் சொன்னாராம். மறுநாள் அவள் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஃபோல்டர் காலி. கம்ப்யூட்டரில் இருக்கும் குப்பைத்தொட்டியும் காலி.

வாடகை வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து என் கடையில் இறங்கினாள். வியர்த்து நனைந்திருந்தாள், ஆனால் முகத்தில் கலக்கம் இல்லை. தம்பி இருக்கிறான் என்ற தெம்பு.

நான் மீட்கும் சாஃப்ட்வேரை ஓட்டினேன். பெயர்கள் வரிசையாக வந்தன. மூலை வீடு. டாக்டர் வீடு. மாடிப்படி மூன்றாவது திருத்தம். வெளிச்சம் வராத மனை.

“பேரெல்லாம் இருக்கேடா!” என்று என் தோளை அழுத்தினாள்.

பெயர்தான் இருந்தது. ஒன்றைத் திறந்தேன், உள்ளே வெறும் பூஜ்யம். அடுத்தது, பூஜ்யம். அளவு கூடச் சரியாகக் காட்டியது, உள்ளே ஒரு கோடு கிடையாது. நடக்காது என்று தெரிந்தும் அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் நாற்பது ஐம்பது திறந்தேன். தோளில் இருந்த கை எப்போது போனது என்று தெரியவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு என்னைத் தேற்ற ஆரம்பித்தாள், அதுதான் கொடுமை.

“விடுடா, நீ என்ன பண்ணுவே. அவருக்கு மட்டும் இதெல்லாம் என்ன தெரியும்? போன தடவை மாதிரி நீ எடுத்துக் குடுத்துடுவேன்னு நெனச்சுதான் கோவத்துல அழிச்சிருப்பாரு. ரெண்டு நாள் என்னை அலைய விடணும், அவ்வளவுதான் அவரு புத்தி. இப்படி ஒரேயடியா போகும்னு தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டாரு. நான் வீட்டுக்குப் போறேன்.”

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் அந்த வீட்டுக்குப் போவாள், இன்னும் பதினோரு வருஷம் அவர் கையெழுத்துக்கு மேலே வரைவாள், நான் நல்ல தம்பியாகவே இருப்பேன். திறக்கக்கூடாத இடத்திலெல்லாம் திறந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. வாசல்வரை போனவளை நிறுத்தித்தான் சொன்னேன்.

“அவருக்குத் தெரியும்க்கா.”

“என்ன தெரியும்?”

“அழிச்சா திரும்ப வராதுன்னு. அன்னிக்கு நீ உள்ள போனப்போ கேட்டாரு. நான்தான் சொன்னேன். அதுக்கப்புறம்தான் இதை மாட்டச் சொன்னாரு.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. நாலு மாதம் முன்பே, செய்தித்தாளை மடித்துவிட்டு, இந்த நாளுக்காக ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதை அவள் கட்டிக்கொண்டிருக்கும் ஆளோடு பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொருந்திவிட்டது போல.

“அவரு கேட்டப்போ, எதுக்கு கேக்குறாருன்னு உனக்குத் தோணலையா?”

பொய் சொல்லியிருக்கலாம்.

“தோணுச்சு,” என்றேன்.

“தோணுச்சா?”

“ம்.”

“என்னைப் போக விடக்கூடாதுன்னு அவருக்கு ஒரு காரணம் இருந்துச்சு. உனக்கு என்னடா காரணம்?”

அவர் என்னை மதித்துக் கேட்டார், அதனால் சொன்னேன் என்று எந்த வாயால் சொல்வது? பெட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். அவர் வீட்டுக்கும் போகவில்லை, என் வீட்டுக்கும் வரவில்லை. கூடப் படித்தவள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். திங்கட்கிழமை வெறுங்கையோடு நேர்காணலுக்குப் போனாளா, என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள், எதுவும் எனக்குத் தெரியாது.

போன வாரம் மாமா போன் செய்தார். ஒன்றுமே நடக்காத மாதிரிக் குரல். “ஆபீஸ்ல ஆறு கம்ப்யூட்டர் போடுறேன் மச்சான். வீட்டுக்குப் போட்டியே, அதே சாமான் எடுத்துட்டு வந்துடு. நல்லா வேலை செஞ்சுது.”

“முடியாது. வேற கடையைப் பாருங்க,” என்றேன். அவரிடம் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. சந்தோஷமாகக் கூட இருந்தது. உடனே அக்கா நம்பரைப் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.